பக்கம் 118, இரண்டாம் பதிப்பு

நாற்பத்தொன்றாவது பத்தியில் தன் பெயரைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பாடம் நடத்தி, ஓய்வுபெற்று, அறுபத்தெட்டு வயதும் ஆகிவிட்ட பிறகு, இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பில் 'புகழ்பெற்ற அரசியல் அறிஞர்' என்ற அடைமொழியோடு தன் பெயர் வந்தால் எந்த வாத்தியாருக்குத்தான் மனசு ஒரு துள்ளு துள்ளாது? அந்தத் துள்ளல் ஒரு விநாடி இருந்திருக்கும். அதற்குள் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. டிவிக்காரர்களின் மேக்கப் அறையில், உயரமான நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி உட்கார்த்தியிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாயிற்று. அதனால் செல்போனை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு படித்தாள். 'குற்றம் நடந்தபின் தண்டிக்கிற அரசு பாதி அரசு. நடக்கவிருப்பதை அறிந்து முன்பே தடுக்கிற அரசுதான் முழு அரசு என்று பேராசிரியர் சொல்வதை நாங்கள் அப்படியே ஏற்கிறோம்.' ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியது அவள்தான், ஐயமில்லை, அந்த அரைப்புள்ளியைக்கூட அவளால் அடையாளம் சொல்ல முடியும். அதற்குக் கீழே ஒரே வரி. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. யார் மனு? எஸ்தர் போட்ட மனு. எஸ்தரின் புருஷன் ஞானதுரையைக் குண்டர் சட்டத்தில் பிடித்துப்போட்டு நாலு மாசமாகிறதே, அவனை வெளியே விடச் சொல்லி அவள் போட்ட ஆட்கொணர்வு மனு. ஞானதுரை யார்? இதே செண்பகவல்லியிடம் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினவன். தன் மாணவனைத் தன் வாக்கியத்தாலேயே உள்ளே தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். 

"மேடம், மூஞ்சிய ஆட்டாதீங்க," என்றாள் முனீரா, மேக்கப் போடுகிறவள். ஆட்டவில்லையே என்று சொல்ல வந்து, தாடைதான் தானாக நடுங்குகிறது என்று தெரிந்து, வாயை இறுக்கிக்கொண்டாள். ஈரப் பஞ்சு கன்னத்தில் குளிர்ந்தது. கல்குவாரி லாரி ஊருக்குள்ளே வரக்கூடாது என்று நாற்பது ஐம்பது பேரோடு மூன்று நாள் ரோட்டில் உட்கார்ந்தான், அவ்வளவுதான் அவன் செய்த குண்டாயிசம். கல்லூரி வாத்தியார், வழுக்கை விழுந்துவிட்டது, சர்க்கரை வேறு, ஒரு பூனையை அதட்டத் தெரியாது. கலெக்டர் கையெழுத்துப் போட்டார், பொது ஒழுங்குக்குக் குந்தகம் என்றார்கள், ஒரு வருஷம். காவலில் வைத்தது சரிதானா என்று பார்க்க அறிவுரைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார், அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் பாடம் நடத்தினவன் அங்கே போய்த் தனக்காகத் தானே வாதாடிவிட்டு வந்தான், ஒன்றும் நடக்கவில்லை. சரி, கோர்ட்டு விட்டுவிடும், இந்த உத்தரவுகளில் பாதி கோர்ட்டில் நிற்பதில்லை என்று அவள்தான் எஸ்தருக்குத் தைரியம் சொன்னாள். சொன்ன வாய் இப்போது பவுடர் பூசிக்கொள்கிறது. இன்று மாலை ஐந்து மணி விவாதத்துக்குத் தலைப்பே இந்தத் தீர்ப்புதான். தீர்ப்பு மத்தியானம் வந்தது, கார் அனுப்பினார்கள், வருகிற வழியில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் காரில் படித்தால் குமட்டும், இங்கே வந்துதான் திறந்தாள். இப்போது மணி நாலேகால். விறுவிறுவென்று கோபம் ஏறியது. இந்த நீதிபதிகளுக்கு அடுத்த பக்கம் புரட்டக் கை வலித்ததா? ஒரு புத்தகத்தை நடுவில் பிரித்து நாலு வரி உருவிக்கொண்டால் ஆயிற்றா? வைக்கிறேன் பார் இன்றைக்கு. 'ஐயா, அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் இதே ஆள் இதே வாதத்தை எப்படி உரித்துப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்திருக்குமே.' இப்படி ஆரம்பிக்கலாம். நிதானமாக, லேசாகச் சிரித்துக்கொண்டே. அது நன்றாக எடுபடும்.

ஏனென்றால் அது அவளுடைய வழக்கம், தமிழ்நாட்டில் அவளிடம் படித்த அத்தனை பேருக்கும் தெரியும். எதிராளியின் கட்சியை அவனே சொன்னாலும் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடியாதபடி நீ சொல்ல வேண்டும், பிறகுதான் அடிக்க வேண்டும், நோஞ்சானை நிற்கவைத்து அடித்தால் அது வாதமில்லை என்பாள். பையன்கள் அதற்கு 'மேடம் கட்சி மாறும் பீரியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாற்பது விவாதங்களில் சொன்னதையே சொல்லியிருக்கிறாள்: எதிர்க்கட்சியாக இருக்கும்போது அது கறுப்புச் சட்டம், நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள் அது சட்டம் ஒழுங்கு; டெல்லியைக் கேட்டால் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பார்கள், மாநிலத்தைக் கேட்டால் டெல்லிக்காரன் தேசப் பாதுகாப்பு என்று வைத்திருப்பதை முதலில் பார் என்பார்கள்; விசாரிக்காமல் ஒரு ஆளை அடைக்க நம் அரசியல் சாசனமே, அதுவும் உரிமைகளைச் சொல்கிற பகுதியிலேயே, வழி வைத்திருக்கிறது; மத்தியும் மாநிலமும் சண்டையே போடாமல் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். ஜனங்கள் கை தட்டுவார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் செய்தாள். ஆறாவது அத்தியாயம் முழுக்க அரசாங்கத்தின் கட்சி, கலெக்டரே படித்தால் கண்ணில் நீர் வரும். ஏழாவது அத்தியாயத்தில் சவரிராயன் வருவார். தபால் ஆபீஸ் சங்கக்காரர், அவளோடு படித்த பெண்ணின் அப்பா, நெருக்கடி நிலைக் காலத்தில் கொண்டுபோய்ப் பதின்மூன்று மாசம் வைத்திருந்தார்கள், ஏன் என்று அவருக்கும் சொல்லவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார், எங்கேயாவது கூப்பிட்டுப் போவார்கள் என்று. அந்த எச்சில் கையும் பொத்தான் போடாத சட்டையும் ஏழாவது அத்தியாயத்தின் முதல் பத்தி. அதைப் பார்த்தபிறகுதான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். சவரிராயனைப் படித்த எந்த நீதிபதிக்காவது பாதி அரசு முழு அரசு என்று எழுதக் கை வருமா?

"கண்ண மூடிக்கோங்க மேடம்," என்றாள் முனீரா. இமைமேல் தூரிகை ஊர்ந்தது. மூடின கண்ணுக்குள் அந்தத் தீர்ப்பின் அடிப்பாகம் தெரிந்தது, அங்கே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததே, அடிக்குறிப்பு, அதைப் படித்தோமா? படித்த மாதிரியும் இருக்கிறது. பேராசிரியர் பெயர், புத்தகத்தின் பெயர், டெல்லிப் பதிப்பகம், பக்கம் நூற்றுப் பதினெட்டு. அதற்கு நடுவில் ஒரு சொல் இருந்தது. இருக்கட்டும், என்ன இப்போது. விவாதத்தில் ஆளுங்கட்சியிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும், போன தடவை வந்தவர் பேசவே விடவில்லை. ஏர் கண்டிஷனை இப்படியா வைப்பார்கள், விரலெல்லாம் விறைக்கிறது. பக்கம் நூற்றுப் பதினெட்டு. முதல் பதிப்பில் ஆறாவது அத்தியாயம் நூற்று நாற்பதுக்கு மேல் அல்லவா வரும்? எழுத்துச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். யார் போட்டிருப்பார்கள்? "கண்ணத் தெறக்கலாமா?" "இன்னும் ஒரு நிமிஷம் மேடம்." அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று, தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் திறந்ததும் போனை எடுத்தாள். இரண்டாம் பதிப்பு என்றுதான் போட்டிருந்தது. நீதிபதிகள் புரட்டித்தான் இருப்பார்கள், பாவம். இரண்டாம் பதிப்பில் ஆறாவது அத்தியாயத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மத்திய மாநில உறவுகள் வரும். சவரிராயன் வரமாட்டார். சவரிராயன் அந்தப் பதிப்பில் எங்கேயும் இல்லை. அவரை எடுத்தது செண்பகவல்லி.

பதிப்பாளர் பக்கத்தைக் குறைக்கச் சொன்னார், அது நிஜம். காகித விலை ஏறிவிட்டது, அறுபது பக்கம் குறைத்தால் மாணவர்கள் வாங்குவார்கள் என்றார். எந்த அறுபது என்று அவர் சொல்லவில்லை. பின்னிணைப்பு இருந்தது, எழுபது பக்கத்துக்கு வெறும் பட்டியல், யாரும் படிக்காதது, அதை வெட்டியிருக்கலாம். அந்த வருஷம்தான் மாநில அரசு ஒரு சட்டச் சீர்திருத்தக் குழு போடுகிற பேச்சு வந்தது. அவள் பெயரும் கோப்பில் இருக்கிறது என்று செயலகத்தில் இருந்த ஒரு பழைய தோழர் போனில் சொன்னார், சொல்லிவிட்டு, "அந்த ஏழாம் அத்தியாயம்தான் மேல சிலருக்குக் கொஞ்சம் உறுத்துது போல, நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரண்டு நாள் பின்னிணைப்பையும் ஏழாம் அத்தியாயத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு வெட்டினாள். இதே விஷயத்தைக் கட்டுரையாகவும் ஒரு சஞ்சிகையில் எழுதியிருக்கிறோமே, வேண்டியவன் தேடிப் படித்துக்கொள்வான் என்று மனசுக்குச் சொன்னாள். எழுத்தைச் சின்னதாக்கி மிச்சப் பக்கத்தைச் சரிக்கட்டினார்கள், எழுபது பக்கப் பட்டியல் அப்படியே அச்சுக்குப் போயிற்று. புத்தகத்துக்குச் சொல்லடைவு, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்கிற அகரவரிசை, தயாரித்தவன் ஞானதுரை, இரண்டு பதிப்புக்கும் அவன்தான். இரண்டாம் பதிப்பின் தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேடம், ஏழு இல்லாம ஆறு தனியா நிக்குதே. படிக்கிறவன் நம்ம கருத்தே அதுதான்னு நினைச்சுக்க மாட்டானா?" என்று கேட்டான். "ஆரம்பத்திலேயே, அரசு தரப்பு இப்படிச் சொல்லும்னு ஒரு வரி இருக்கு துரை. பக்கம் ஜாஸ்தின்னு பதிப்பாளர் அழறார்," என்றாள். அவன் "சரி மேடம்," என்று எடுத்துக்கொண்டு போய், 'ச' வரிசையில் சவரிராயனை அடித்துவிட்டு, பக்க எண்களையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தான். குழுவில் உறுப்பினராக மூன்று வருஷம் இருந்தாள். குழு நாலு அறிக்கை கொடுத்தது. குண்டர் சட்டத்தைப் பற்றி அதில் எதிலும் ஒரு வரி கிடையாது.

அட கடவுளே, இப்போது என்ன சொல்வது? நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒரு பெண், காதில் ஒயரோடு தலையை நீட்டி, "மேடம், முதல் கேள்வி உங்களுக்குத்தான், ஒன்றரை நிமிஷம்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்றரை நிமிஷம் போதும். 'அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால்' என்றே ஆரம்பித்தால்தான் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? புத்தகம் அச்சில் இல்லை, முதல் பதிப்பு நூலகத்தில் கிடந்தால் உண்டு, இரண்டாம் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்சிப் பேச்சாளர் வரப்போகிறார், அவர்கள் படிப்பது கட்சித் தலைமை அனுப்புகிற வாட்ஸப்பைத்தான். நீதிபதிகளும் டிவியில் வந்து பதில் சொல்ல மாட்டார்கள், மரபில்லை. பொய்கூட இல்லை, முதல் பதிப்பில் இருக்கத்தானே செய்கிறது. பெயரும் காப்பாற்றப்படும், நாளைக்கு நாலு பத்திரிகையில் கேட்பார்கள். அப்புறம் அவளுக்கே தன்னை நினைத்துக் கேவலமாக இருந்தது. இன்னும் எட்டு மாசம் அவன் உள்ளே கிடக்கப் போகிறான், சர்க்கரைக்காரன், நீ பெயரைக் கணக்குப் பார்க்கிறாய். சரி, உண்மையைச் சொன்னால் அவனுக்கு என்ன ஆகும்? தீர்ப்பு மாறுமா? மாறாது. டிவியில் சொல்வது சாட்சியமா? இல்லை. ஆக, சொல்லிப் பிரயோஜனமில்லை, பிரயோஜனமில்லாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை வருஷ மானத்தை நடுத்தெருவில் போட வேண்டும்? பார், எவ்வளவு ஒழுங்காக வருகிறது எதிராளியின் கட்சி. எதிரில் கண்ணாடியில் அவள் முகத்தைச் சுற்றி பல்புகள் எரிந்தன. கண்ணாடி போடாத கண்ணுக்கு அந்த முகம் பவுடர் பூசின உருண்டையாக மட்டும் தெரிந்தது. முனீரா, "மேடம், வேர்க்குது உங்களுக்கு, இந்த ஏசியிலயும்," என்று மறுபடி ஒற்றினாள். அப்போது போன் அடித்தது. எஸ்தர்.

எடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, விரல் எடுத்துவிட்டது. "மேடம், எஸ்தர் பேசறேன். டிவியில நீங்க பேசப்போறதா விளம்பரம் போடுறாங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்னுதான்," என்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், எப்போதும் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவள், இன்றைக்கும் அப்படியே பேசினாள், அழவில்லை. "தீர்ப்பப் படிச்சேன் எஸ்தர். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல," என்றாள் செண்பகவல்லி. "எங்களுக்கு இது புதுசில்ல மேடம். அரசு வக்கீல் உங்க புஸ்தகத்த கோர்ட்டுல மூணு வாரம் முன்னாடியே வாசிச்சிட்டார்." "என்கிட்ட ஏன் சொல்லல?" "எங்க வீட்டுக்காரர் சொல்லக் கூடாதுன்னுட்டார். எங்க வீட்டுல பழைய பதிப்பு இருக்கு மேடம், நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. நம்ம வக்கீல் அதப் பாத்துட்டு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா போதும், அவங்க வாதம் அங்கயே விழுந்துரும்னு சொன்னார். ஜெயிலுக்குப் போய் இவர்கிட்ட கேட்டா, இவர் வேண்டாம்னுட்டார்." செண்பகவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ரெண்டு பதிப்பையும் காட்டினா, நடுவுல அந்தம்மா இத ஏன் எடுத்தாங்கன்னு ஜட்ஜ் கேப்பாராம். அதுக்குப் பதில் மேடம்தான் சொல்லணும், அவங்க வாயால வர்ற வரைக்கும் நாம வாயத் தெறக்கக் கூடாது, அவங்க பேர் கெட்டுப்போகும், அப்படின்னு சொல்லிட்டார். நானும் வக்கீலும் எவ்வளவோ மன்றாடிப் பாத்தோம்." முனீரா தூரிகையோடு அப்படியே நின்றுவிட்டாள். "அவருக்குத் தெரியாமத்தான் பேசறேன். திங்கக்கிழமை டெல்லி வக்கீலுக்குக் காகிதம் போகணும், உச்ச நீதிமன்றத்துக்கு. அந்த அத்தியாயத்தப் பத்தி நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா நல்லாயிருக்கும்னு வக்கீல் சொல்றார். நான் கெஞ்சல மேடம். கேக்கறேன், அவ்வளவுதான்." பிறகு, "வச்சிடறேன், உங்களுக்கு நேரமாகும்," என்று அவளே வைத்துவிட்டாள்.

ஏன் எடுத்தாள் என்று தெரிந்திருக்கிறது அவனுக்கு. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பதினைந்து பதினாறு வருஷமாகத் தெரிந்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் பண்ணி, மேடம் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறான், குழுவில் அவள் பதவியேற்றபோது மாலை வாங்கிக்கொண்டு வந்தான், அந்த மாலையைப் போடும்போதும் தெரிந்துதான் போட்டிருக்கிறான். அவனை அசடு என்று அவள் நினைத்ததுண்டு, நல்ல பையன், கொஞ்சம் அசடு. ஆறு வருஷம் அவனுக்கு அரசு என்றால் என்ன, ஆள்கிறவன் எப்படி ஒன்றும் சொல்லாமலே கீழே உள்ளவனைச் செய்யவைக்கிறான் என்றெல்லாம் பாடம் எடுத்தாளே, அவளும் ஆண்டிருக்கிறாள் போலிருக்கிறது, அவனை. பேசாதே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை, அவனாகவே வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு வருஷச் சிறையை எடுத்துக்கொண்டு ஒரு மேடத்தின் பேரைப் பத்திரமாக வைத்துவிட்டான். யார் கேட்டார்கள் உன்னை, துரை? எதற்குடா இப்படிச் செய்தாய்? கோபம் கோபமாக வந்தது அவன்மேல், அது அவன்மேல் இல்லை என்றும் தெரிந்தது. தயாரிப்பாளர் வந்து கூட்டிக்கொண்டு போனாள். நடை நீளமாக இருந்தது, தரையெல்லாம் ஒயர், கால் இடறியது. புடவைத் தலைப்பில் மைக்கைக் குத்தினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், இரண்டு பேரும் எழுந்து கும்பிட்டார்கள், ஆளுங்கட்சிக்காரர் மரியாதையாக, "மேடம், உங்க வரிய கோர்ட்டே எடுத்துச் சொல்லியிருக்கு, வாழ்த்துகள்," என்று வேறு சொன்னார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். விளக்குகள் கண்ணைக் கூசின. 

நெறியாளர் மூன்று வரி முன்னுரை சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பேராசிரியர் செண்பகவல்லி, உங்க புத்தகத்தையே ஆதாரமா வச்சு நீதிமன்றம் இந்தக் காவலை உறுதி செஞ்சிருக்கு. எப்படிப் பார்க்கிறீங்க?" வழக்கப்படி அவள் அரசு தரப்பு என்ன சொல்லும் என்றுதான் ஆரம்பித்திருக்க வேண்டும், நாக்கு அந்தப் பக்கம்தான் போயிற்று, அதைப் பிடித்து நிறுத்தினாள். "நீதிமன்றம் படிச்சது இரண்டாம் பதிப்பு. அதுல இருக்கிறதத்தான் எழுதியிருக்காங்க. முதல் பதிப்புல அடுத்து ஒரு அத்தியாயம் இருந்தது. அந்த வரி முழுக்கத் தப்பு, அப்படி நினைக்கிற அரசு யாரை வேணும்னாலும் பிடிச்சு அடைக்கும்னு நாற்பத்தெட்டு பக்கத்துக்கு நானே எழுதினது. அத இரண்டாம் பதிப்புல நான்தான் எடுத்தேன். வேற யாரும் எடுக்கல," என்றாள். ஆளுங்கட்சிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அது தனக்குச் சாதகமா பாதகமா என்று பிடிபடாமல் நிறுத்திக்கொண்டார். நெறியாளர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், இதற்கு அதில் அடுத்த கேள்வி இல்லை. "ஏன் எடுத்தீங்க மேடம்?" என்று சும்மா, பேச்சு விட்டுப்போகக் கூடாதே என்பதற்காகக் கேட்டார். நாக்கு நுனியில் காகித விலை வந்து நின்றது. பதிப்பாளர் வந்து நின்றார். சஞ்சிகைக் கட்டுரை வந்து நின்றது. எல்லாமே நல்ல வாதங்கள், ஒவ்வொன்றையும் நாலு நிமிஷம் பேசலாம்.

"அரசாங்கக் குழுவில எனக்கு ஒரு பதவி வேண்டியிருந்தது," என்றாள். "மூணு வருஷம் இருந்தேன். கார் குடுத்தாங்க."